காரைக்குடியில ஒரு காரைக் கட்டுறது எப்படி?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்கா. இது ஓட்டிப் பார்த்த காரைப் பத்தின பதிவு இல்லை. இன்னும் கட்டவே ஆரம்பிக்காத காரைப் பத்தினது. இப்போதைக்கு என்கிட்ட இருக்கிறது ஒரு எண்பது பக்க நோட்டு, ஒரு இன்ச் டேப், ஒரு பென்சில். அவ்ளோதான். ஆனா ஒரு காரைக் கட்டுறதுல முக்காவாசி வேலை நோட்டுலதான் நடக்குதுன்னு இப்ப எனக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு.

(தலைப்பைப் பார்த்துட்டு "காரை"ன்னா சுண்ணாம்புக் காரையான்னு கேக்காதீங்க. எங்க ஊரு பழைய வீடுகள் எல்லாம் அந்தக் காரையால கட்டினதுதான். நான் சொல்றது நாலு சக்கரம் வச்சது :-))

ஹாட் ராட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பானெட் இல்லாம எஞ்சின் வெளிய தெரியும், முன்சக்கரத்துக்கு மேல மட்கார்டு இருக்காது, கதவு இருந்தாலும் ஜன்னல் கண்ணாடி இருக்காது, கூரையும் கிடையாது. ரெண்டே சீட்டு. கூரையில்லாத ரெண்டு சீட்டு வண்டிக்குத்தான் ரோட்ஸ்டர்னு பேரு. படத்துல பார்த்தா பணக்காரங்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனா அது பொறந்தது காசில்லாத பசங்க கையில.

கதை இதுதான். ஃபோர்டு கம்பெனி 1908ல இருந்து 1927 வரைக்கும் மாடல் டி காரை ஒண்ணரைக் கோடி செஞ்சு தள்ளுச்சு. அடுத்து வந்த மாடல் ஏ, 1931க்குள்ள இன்னொரு 48 லட்சம். 1932ல சாதாரண ஜனங்க வாங்கற விலையில வி-8 எஞ்சின் போட்ட கார். இத்தனை கோடி வண்டி ஓடுன ஊர்ல பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்? தெருவுக்குத் தெரு காயலான் கடையில குவிஞ்சு கிடக்கும். கலிபோர்னியா பசங்க அதுல ஒரு லேசான பாடியை எடுத்தாங்க. எடை கூடுற மட்கார்டு, கூரை எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சாங்க. இன்னொரு வண்டியில இருந்து பெரிய எஞ்சினை எடுத்து உள்ள இறக்குனாங்க. மியூராக், எல் மிராஜ்னு வத்திப்போன ஏரிகள்ல கொண்டுபோய் விரட்டுனாங்க. 1937ல அதுக்குன்னு ஒரு சங்கமே வந்துச்சு. 1948 ஜனவரியில ஹாட் ராட் பத்திரிகையும் வந்துச்சு.

இதுல ஒரு கணக்கை மட்டும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். 1940ல ஒரு பையன் '32 ஃபோர்டை வெட்டினான்னா அந்தக் காருக்கு வயசு எட்டு. இன்னைக்கு நாம அதை விண்டேஜ்னு கும்பிடறோம். அவனுக்கு அது வெறும் பழைய கார்.

சரி, காரைக்குடிக்கு வருவோம்.

எங்க ஊர்ல பழைய சாமானுக்குப் பஞ்சமே இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். பர்மா தேக்குக் கதவு, நிலை, தூணு, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம்னு கடை கடையா அடுக்கி வச்சிருப்பாங்க. பர்மா, மலேயா, இலங்கைன்னு போய் சம்பாதிச்சுக் கட்டின வீடுகள். 1942ல பர்மாவுல ஜப்பான்காரன் நுழைஞ்சதுல ஆரம்பிச்ச சரிவு, சுதந்திரத்துக்குப் பிறகு அங்க இருந்த சொத்தும் கைவிட்டுப் போச்சு. வீடு மட்டும் நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளி. யார் வெள்ளையடிக்கிறது, யார் ஓடு மாத்துறது? முடியாத இடத்துல வீட்டைப் பிரிச்சு வித்தாங்க. அந்தத் தூணும் கதவும் இப்ப சென்னை, பெங்களூர் ஹோட்டல்கள்ல நிக்குது.

அந்த வீடுகள் பலதுல கார் ஷெட்டும் இருக்கும். என் திட்டத்தோட முதல் கதவு அங்கதான் திறந்துச்சு. தரகர் ஒருத்தர் கூட்டிட்டுப் போன ஒரு ஷெட்டுல, தென்னை மட்டைக்கும் ஒடைஞ்ச தொட்டிலுக்கும் நடுவுல, ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

ஹெரால்டைத் தெரியாத தம்பிகளுக்காக ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்துல 1959ல ட்ரயம்ஃப் ஹெரால்ட்னு வந்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961ல இருந்து அதை ஸ்டாண்டர்ட் கம்பெனி நம்ம மெட்ராஸ்ல செஞ்சாங்க. 948 சி.சி. எஞ்சின். அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் - இந்த மூணுல ஒண்ணை வாங்கினாதான் கார்னு இருந்த காலம். பின்னாடி அதுக்கே நாலு கதவு வச்சு ஒரு மாடல் விட்டாங்க. நாலு கதவு ஹெரால்ட் வெள்ளைக்காரன் ஊர்லயே கிடையாது. இங்க மட்டும்தான். ஷெட்டுல நின்னது அந்த நாலு கதவு வண்டி.

என் கூட வந்த மெக்கானிக் அண்ணன், அம்பது வருஷமா ஸ்பானர் பிடிச்ச கை, பானெட்டைத் தட்டிட்டுச் சொன்னார்: "தம்பி, உனக்குன்னே செஞ்ச வண்டி. இதோட பாடி சட்டை மாதிரி. பட்டனைக் கழட்டினா சேசிஸ் தனியா வந்துரும்."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு நிசம். அம்பாசடர், ஃபியட் ரெண்டுக்கும் பாடிதான் சேசிஸ். கூரையை வெட்டினா வண்டி நடுவுல தொங்கிரும். ஹெரால்டுக்கு அடியில தனியா ஒரு இரும்புச் சட்டம். பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு அது மேல உக்காந்திருக்கு. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமா சாயும். முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். கிட்டத்தட்ட 25 அடி வட்டத்துல திரும்பிடும். அந்த முன்சக்கர அப்ரைட்டை லோட்டஸ்காரங்களே வாங்கித் தங்களோட கார்ல போட்டிருக்காங்கன்னா பார்த்துக்கங்க.

இன்னும் ருசியான விஷயம். ட்ரயம்ஃப் கம்பெனியே இந்த வேலையைச் செஞ்சிருக்கு. ஹெரால்டோட வீல்பேஸ் 91.5 இன்ச். அதைச் சுருக்கி 83 இன்ச் ஆக்கி, மேல ரெண்டு சீட்டு பாடியை வச்சு, 1962ல ஸ்பிட்ஃபயர்னு வித்தாங்க. இங்கிலாந்துல வீட்டுல கார் கட்டுற ஆளுங்க எத்தனையோ பேர் பழைய ஹெரால்ட் சேசிஸ் மேலதான் கட்டியிருக்காங்க. ஆக, எட்டரை இன்ச் வெட்டி எடுத்தா ரோட்ஸ்டர். நோட்டுல முதல் பக்கம் இதுதான்.

அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில உக்காந்திருந்தார். நான் பேப்பர் எல்லாம் இருக்கான்னு கேட்டேன். ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து வச்சார். ஆர்.சி. புத்தகம், வரி கட்டின ரசீது, எல்லாம் மடிப்புக் கலையாம இருந்துச்சு. "பார்ட் பார்ட்டா எடுத்துக்கிறதா இருந்தாலும் சரி தம்பி, கிலோ கணக்குல போட்டாலும் சரி" என்றார். இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்களே, முழுசா குடுக்கலாமே ஐயான்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு:

"வீட்டையே பிரிச்சு வித்தாச்சு. காரு என்ன பெரிசு?"

இங்கதான் மக்கா என் பென்சில் நின்னுச்சு. சும்மா செண்டிமெண்ட் இல்லை. மூணு காரணம், ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஒண்ணு, சட்டம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. கம்பெனிக்காரன் என்ன விவரத்தோட வண்டியைச் செஞ்சானோ, ஆர்.சி.யில இருக்கிற அந்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி ஓனர் எதையும் மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. எட்டரை இன்ச் வெட்டின ஹெரால்ட், ஆர்.சி.யில இருக்கிற ஹெரால்டே இல்லை. இங்கிலாந்துல வீட்டுல கட்டின ஒத்தைக் காரையும் கொண்டுபோய்க் காட்டினா, பரிசோதிச்சு பதிவு பண்ணித் தர ஒரு முறை இருக்கு. இங்க கார் செய்யணும்னா கம்பெனி மாதிரி புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்துல மாதிரி வண்டியைக் குடுத்து சான்றிதழ் வாங்கணும். நோட்டும் பென்சிலும் வச்சிருக்கிற ஆளுக்கு அது ஆகிற காரியமா?

நம்ம ஜி.டி.நாயுடுவையே எடுத்துக்கங்க. 1920ல பொள்ளாச்சி - பழனி ரூட்ல பஸ் விட்டு ஆரம்பிச்ச மனுஷன். 1952ல ரெண்டு பேர் போற பெட்ரோல் காரை ரெண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும்னு நின்னார். லைசென்ஸ் கிடைக்கலை. அவருக்கே பேப்பர்தான் முட்டுக்கட்டை.

ரெண்டாவது காரணமும் சட்டம்தான், ஆனா இது நல்ல பக்கம். 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு விதி கொண்டுவந்தாங்க. அம்பது வருஷம் தாண்டின கார், பைக். சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெருசா மாத்தாம அசல் வடிவத்துல இருக்கணும். நம்பர் பிளேட்ல "வி.ஏ." எழுத்தோட தனி வரிசை. புதுசா பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினமும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ஊர்வலம், டெஸ்ட்டுன்னு எடுக்கலாம். அந்தத் தகர டப்பாவுல இருந்த பேப்பரோட மதிப்பு இப்பப் புரியுதா? வெட்டாத வரைக்கும் அது விண்டேஜ் கார். ஒரு தடவை கட்டர் பட்டுட்டா, காயலான் கடை இரும்பு.

மூணாவதுதான் முக்கியம். ஒரு தூணைப் பிரிச்சுக் கொண்டுபோய் வேற வீட்டுல நிறுத்தினாலும் அது தூணாத்தான் நிக்கும். கதவும் கதவாத்தான் இருக்கும். வருத்தம்தான், ஆனா சாமான் சாகலை. சேசிஸை வெட்டினா அப்படி இல்லை. திரும்ப ஒட்டினாலும் அது பழைய ஹெரால்ட் ஆகாது. அதுவும் உலகத்துலேயே நம்ம ஊர்ல மட்டும் செஞ்ச நாலு கதவு வண்டி. ஒண்ணு குறைஞ்சா குறைஞ்சதுதான்.

மேல ஒரு கணக்கைச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? கலிபோர்னியா பையன் வெட்டினது எட்டு வயசுக் காரை, தெருவுக்கு நூறு கிடந்த காரை. அரிதானதை எடுத்து அவன் வெட்டலை. குவிஞ்சு கிடந்ததை எடுத்து அரிதான ஒண்ணைச் செஞ்சான். அந்தப் படத்தைப் பார்த்து நாம இங்க மிச்சமிருக்கிற பழைய காரைத் தேடிப் பிடிச்சு வெட்டினா அது ஹாட் ராட் இல்லைங்க. அதோட நேர் எதிர்.

அப்ப நம்ம ஊர்ல குவிஞ்சு கிடக்கிறது எது? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்: மாருதி. 1983 டிசம்பர்ல வந்து 2014ல நின்ன மாருதி 800 மட்டுமே 25 லட்சத்துக்கு மேல. நம்ம மாடல் டி அதுதான்.

இதை நான் கண்டுபிடிக்கலை. கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தர் 1980கள் கடைசியிலேயே செஞ்சு காட்டிட்டார். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி பண்ணக் கட்டுபடியாகாத காலம். மாருதி 800 எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டம் கட்டி, ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சார். ஃபார்முலா மாருதின்னு பேரு. ஊரு பூரா கிடைக்கிற எஞ்சின், ஊரு பூரா கிடைக்கிற ஸ்பேர். நரேன் கார்த்திகேயன் 1992ல முதல் ரேஸ் ஓட்டினது அந்த மாதிரி கார்லதான். அதே பையன் 2005ல ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995ல விமான விபத்துல போயிட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் நிக்குது. என்னைக் கேட்டா தமிழ்நாட்டோட உண்மையான ஹாட் ராட் அந்த ஃபார்முலா மாருதிதான்.

ஆக நோட்டுல ரெண்டாவது பக்கம். ரோட்ஸ்டருக்கு மாருதி 800 எஞ்சின் குறுக்கால படுத்திருக்கும், முன்சக்கரத்தை இழுக்கும். நீளமான மூக்கும் பின்சக்கர இழுவையும் வேணும்னா அது சரிப்படாது. ஆனா அதே வீட்டுல இன்னொரு புள்ள இருக்கு. ஓம்னி வேன்! 1984ல இருந்து 2019 வரைக்கும் வந்த வண்டி. அதே 796 சி.சி. மூணு சிலிண்டர் குடும்பம். எஞ்சின் நீளவாக்குல இருக்கும், கியர் பாக்ஸ் அதுக்குப் பின்னாடி, அங்க இருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போட்டு பின் ஆக்ஸிலைத் தள்ளும். பின்னாடி லீஃப் ஸ்பிரிங், மாட்டுவண்டி மாதிரி எளிமை. ரோட்ஸ்டருக்கு வேணுங்கிற மொத்தப் பொருளும் ஒரே வேன்ல!

நோட்டுல இப்ப இருக்கிற திட்டம் இதுதான்:

சட்டம்: 4க்கு 2 இன்ச், 3 மி.மீ. தடிமன் செவ்வகக் குழாய். மீட்டருக்கு ஏறக்குறைய 6.8 கிலோ. பக்கத்துக்கு 3 மீட்டர், குறுக்குச் சட்டம் நாலு. மொத்தம் கிட்டத்தட்ட 60 கிலோ.

எடை: ஓம்னி ஏறக்குறைய 785 கிலோ, எஞ்சின் சுமார் 35 குதிரைத் திறன். ரோட்ஸ்டரை 500 கிலோவுக்குள்ள முடிச்சா, 75 கிலோ ஆளோட (அதாவது நான், கொஞ்சம் குறைச்சு சொல்றேன்) டன்னுக்கு 41 குதிரையா இருந்தது 61 ஆகும். எஞ்சினைத் தொடாமலே ஒண்ணரை மடங்கு. கலிபோர்னியா பசங்க முதல்ல மட்கார்டைக் கழட்டினது ஏன்னு இப்ப தெரியுதா?

தொல்லை: ஓம்னியில டிரைவர் எஞ்சினுக்கு மேல உக்காந்திருக்கார். ரோட்ஸ்டர்ல எஞ்சினுக்குப் பின்னாடி, கியர் பாக்ஸ் பக்கத்துல உக்காரணும். அதனால கியர் லிங்க்கேஜ் புதுசா செய்யணும். வீல்பேஸ் மாறுறதால ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். அதை பேலன்ஸ் பண்ணாம போட்டா வேகம் எடுத்ததும் உடம்பே ஆடிரும். லேத் பட்டறைக்காரரை நண்பனாக்கிக்கிறது நல்லது.

பிரேக்: பின்பாரம் குறையறதால பின்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். முன்பின் பிரேக் விகிதத்தைச் சரி பண்ணாம முதல் ஓட்டம் கிடையாது. தலைக்குப் பின்னாடி ரோல் பார், சீட் பெல்ட், இதுல பேரமே இல்லை.

தகரம்: கரூர்ல பஸ் பாடி கட்டுறாங்க, நாமக்கல்ல லாரி பாடி கட்டுறாங்க. தகரத்தை வளைக்கிற கையெல்லாம் நம்ம பக்கத்துலயே இருக்கு.

துரு: இதுக்கு நம்ம ஊரை மிஞ்ச முடியுமா? அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948 ஜூலையில நேரு அடிக்கல் நாட்டின மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாங்க நம்ம சிக்ரி, இரும்பு ஏன் அரிக்குதுன்னு ஆராயறதையே ஒரு பெரிய வேலையா செய்யுற இடம். அந்த ஊர்ல இருந்துக்கிட்டு குழாய்க்கு உள்பக்கம் ப்ரைமர் அடிக்காம விட்டா மானம் போயிரும்.

பேப்பர்: வேனைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அதோட ஆர்.சி.யை ரத்து பண்ணணும். சட்டத்துல பிரிவு 55. இனி ஓடவே முடியாத வண்டின்னா 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும். காயலான் கடையில வேன் வாங்குறவங்க முதல்ல இதைக் கேளுங்க. இல்லாட்டி நாளைக்கு அந்த நம்பர்ல எவனாவது எதையாவது ஓட்டினா நம்ம வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

இவ்ளோ கட்டியும் இதை ரோட்டுல ஓட்ட முடியாது. தெரிஞ்சேதான் கட்டப் போறேன். பொது இடத்துல ஓட்டணும்னா பதிவு வேணும், அது கிடைக்காது. சொந்தத் தோப்பு, இல்லைன்னா அனுமதி குடுக்கிற டிராக். அவ்ளோதான் இதோட உலகம். "அப்ப எதுக்குங்க இவ்ளோ செலவு?"ன்னு தங்கமணி கேட்டாங்க. வீணை வாங்கினா கச்சேரி பண்ணியே ஆகணுமான்னு பதில் சொன்னேன். வீட்டுல இருக்கிற வீணையை வாசிச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கணக்கு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க :-(

ஹெரால்ட் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவை போனப்போ 2021 விதியை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய் பெரியவர்கிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வரி வரியா படிச்சார். "ஒரிஜினலா இருக்கணும்னு போட்டிருக்கே" என்றார். ஆமாங்கய்யா, உங்க வண்டி ஒரிஜினல்தானேன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பங்காளிக நாலு பேரு வெளியூர்ல இருக்காக. கேக்கணும்" என்றார். தரகருக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. அவருக்கும் பொழப்பு இருக்கு, தப்பு சொல்ல முடியாது.

பங்காளிகள் என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. வீடு விஷயத்துல ஒத்துப்போகாதவங்க கார் விஷயத்துல ஒத்துப்போவாங்களான்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க. ஆனா மெக்கானிக் அண்ணன் காசு வாங்காம பிரேக்கை மட்டும் பிரிச்சு மாட்டித் தரேன்னு சொல்லியிருக்கார். நான் கூட நின்னு ஸ்பானர் எடுத்துக் குடுக்கணுமாம். வண்டி ஷெட்டுக்குள்ள நாலு அடி உருண்டாப் போதும், அதுக்கப்புறம் யாருக்கும் அதைக் கிலோ கணக்குல போட மனசு வராதுன்னு அவர் நம்பறார். நானும்தான்.

அடுத்த வாரத்துல இருந்து ஓம்னி தேடல். புதுக்கோட்டை, தேவகோட்டை, மதுரைன்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். மோதி நசுங்கினதா இருந்தாலும் பரவாயில்லை, எஞ்சின் சத்தமும் பின் ஆக்ஸிலும் நல்லா இருந்தாப் போதும்.

டிஸ்கி: வெல்டிங் தெரிஞ்சவர் பக்கத்துல இல்லாம யாரும் இதை வீட்டுல முயற்சி பண்ணாதீங்க.

டிக்கி: இந்தக் காருக்குக் கிடையாது.